கடல் உன் பக்கம் வரவேண்டும்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று எழுது.

நீ முதல்முறையாக இங்கே வருகிறாய் என்றதும் எங்கள் மேஸ்திரி தன் பழைய வேனை ஐந்து நாள் தருகிறேன் என்றார். கடலோரமாகப் போய்வரலாம். சமையல், தூக்கம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஓட்டல் செலவு மிச்சம்.

ஞாயிறன்று ஒத்திகை பார்த்தேன். உன் இடத்தில் அரிசி மூட்டையை வைத்தேன். வண்டி கத்திக்கொண்டே வந்தது. மூட்டைக்கு பெல்ட் போட்ட பிறகுதான் அடங்கியது. எதிர்த்துப் பேசாத துணை எனக்குப் பழக்கமில்லை.

கடல் தெரிந்ததும்தான் என் மடத்தனம் உறைத்தது. ஊர் நினைப்பில், நீ இடப்பக்கம் உட்காருவாய் என்று கடலும் இடப்பக்கம் வரும்படி வழி போட்டிருந்தேன். இங்கே ஸ்டியரிங்கே இடப்பக்கம். கடல் எனக்கு, வெறும் பாறை மூட்டைக்கு. “ஏங்க, இதப் பாக்கவா என்னை வரச் சொன்னீங்க?” என்று நீ கேட்பதுபோல் இருந்தது. அதனால் உள்பாதையில் போய், திரும்பும்போது கடலோரமாக வருவோம். போகும்போது முணுமுணுக்காதே.

இரண்டு பழைய போர்வையும் அந்தச் சின்ன வாணலியும் எடுத்து வா. வேலைக்கு பஸ் வந்துவிட்டது.

மூட்டையைப் பிரிக்க மனசு வரவில்லை. மூன்று நாளாக ரொட்டிதான்.

உன் வீட்டுக்காரன்