பலகைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அக்கா,

எருத்தேன்பதியில வெயில் எப்படி இருக்கு? சொந்த ஊருக்கே மாற்றல் கிடைச்சதில எனக்குச் சந்தோஷம்தான். சின்னக்கானல்ல மழை இன்னும் விடலை.

உங்க மூணாம் கிளாஸுக்கும் என் ரெண்டாம் கிளாஸுக்கும் நடுவுல அந்தப் பலகைத் தடுப்பு அப்படியேதான் இருக்கு. என் பிள்ளைக சத்தம் போட்டா, நீங்க அந்தப் பக்கமிருந்து ஸ்கேலால ரெண்டு தட்டு தட்டுவீங்க. உடனே கப்சிப். "நீ பாடத்தை நடத்து கண்ணு, நான் பாத்துக்கறேன்"னு சொல்வீங்க.

இப்போ சத்தம் கூடினா பிள்ளைக பலகையைத்தான் பார்க்குதுக. தட்டுற சத்தம் வரலைன்னதும் ஆட்டம் இன்னும் ஏறுது. முந்தாநாள் ரிஜின் பெஞ்சு மேலயே ஏறிட்டான். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

உங்களைக் குறை சொல்லலை. ஒரு நாளாவது "தட்டாதீங்க அக்கா, நானே பார்க்கிறேன்"னு சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணலை, அவ்வளவு சுகமா இருந்துச்சு.

உங்க இடத்துக்குத் திங்கக்கிழமை ஒரு புதுப் பொண்ணு வருது. முதல் வேலையாம். "இப்ப நீங்கதானே சீனியர், கூட இருந்து பழக்கி விடுங்க"ன்னு எச்.எம். சார் சொன்னார். சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

நேத்தே ஒரு ஸ்கேலை எடுத்து மேசையில வச்சிட்டேன், அக்கா. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
பலகைக்கு இந்தப் பக்கத்து டீச்சர்