சருகு நிறச் சாயம்

12-4-98, ஞாயிறு

சித்திரைத் திருவிழாச் சரக்கு இறங்கிவிட்டது. தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்தால் நம் கடைச் சேலைதான் முதலில் கண்ணில் படவேண்டும். மாம்பழ மஞ்சளை வாசலில் தொங்கவிட்டேன்.

வீட்டில் மகள் சத்யப்ரியா குண்டைப் போட்டாள். பசுமலைக் காலேஜில் பூச்சிகளைப் படித்தது போதாதாம். வால்பாறைக் காட்டில் இரண்டு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்யவேண்டுமாம். வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. "கல்யாணத்தை முடிச்சிட்டு எங்க வேணும்னாலும் போ" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அடுப்படியில் தன் அம்மா அன்னக்கொடியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "அப்பா பூச்சி மாதிரி மிரட்டச் சிறகை விரிச்சிட்டாரும்மா. விஷமெல்லாம் கெடையாது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

13-4-98

வால்பாறை என்றதும் தோள் வலிக்கிறது. இருபத்திரண்டு வயதில் நானும் சிநேகிதன் துளசிராமும் அங்கே எஸ்டேட் எஸ்டேட்டாகச் சேலை மூட்டை சுமந்தோம். இப்போது அவன் சாயப்பட்டறை முதலாளி. அவன் சௌராஷ்டிரக்காரன், நான் உசிலம்பட்டிப் பக்கம். ஆனாலும் மாப்ளதான்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி மரத்தில் கையை ஊன்றினேன். மரப்பட்டை பெயர்ந்து சிறகு விரித்தது! உள்ளே மஞ்சளில் இரண்டு கறுப்புக் கண்கள், என்னையே முறைத்தன. மூட்டையைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினேன். துளசிராம் சிரித்தான்.

"ஏ மாப்ள, ஒரு பூச்சிக்கா இம்புட்டு ஓட்டம்? அது உன்னையப் பாத்துப் பயந்துல்ல முறைக்குது!"

சேறான சேலைகளை ஓடையில் அலசினோம். அந்த ஈர இலை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அன்றைக்கு என்னைப் பெத்த அய்யா தடுத்திருந்தால் நின்றிருப்பேனா?

15-4-98

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

ப்ரியாவின் மேஜையில் கண்ணாடிப் பெட்டி. தேர்வுக்குக் கொண்டுபோக வைத்திருந்தது. உள்ளே ஊசி குத்தி — அதே பூச்சி! மேல் சிறகு காய்ந்த மரப்பட்டை, உள் சிறகு மஞ்சள். எந்தப் பட்டறையிலும் அப்படி ஒரு மஞ்சளைப் பார்த்ததில்லை. புதுச் சரக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? சாயம் போகாமல் நிற்கிறதா என்று கடையில் பார்ப்பதுபோல், மூடியைத் திறந்து கட்டைவிரலால் தேய்த்தேன். சிறகிலிருந்த ஒரு கண் புள்ளி பொடியாக விரலோடு வந்துவிட்டது.

போகவிடாமல் செய்ய வேணுமென்றே கெடுத்தேன் என்று நினைப்பாளே —

வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அப்புறம், "சாயம் நிக்குதான்னு பாத்தீகளாக்கும்?"

"ஆமாத்தா. சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

"அது சாயமில்லப்பா. சிறகோட செதில்."

அம்புட்டுதான். திட்டியிருந்தால் தேவலை.

17-4-98

ஒற்றைக்கண் பூச்சியோடு போய்த் தேர்வாகி வந்துவிட்டாள். கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்களாம். "எங்கப்பா ஜவுளிக்கடைன்னேன். சிரிச்சிட்டாங்க."

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

3-5-98, ஞாயிறு

காட்டில் என்ன உடுத்துவாய் என்று கேட்டேன். பளிச்சென்று எதுவும் ஆகாதாம். ஒளிந்திருக்கிறதைப் பார்க்கப் போகிறவளும் ஒளியவேண்டுமாம். கடை முழுக்கத் தேடினேன். என்னிடம் இல்லாத ஒரே நிறம்.

நேரே துளசிராம் பட்டறைக்குப் போனேன்.

"கண்ணு கூசுற சாயமாக் கேக்குற ஆளு, இப்பச் சருகு நிறமா? எவன்யா வாங்குவான்?"

"விக்க இல்ல மாப்ள. ப்ரியா வால்பாறைக்குப் போறா."

சிரிப்பை நிறுத்திவிட்டான். "நம்ம வால்பாறைக்கா?"

சாயம் ஏறுகிறவரை அந்த மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

1-6-98

பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் கை காட்டினாள். சருகு நிறத் துணிப் பொட்டலத்தை உள்ளே நீட்டினேன்.

17-8-98

ப்ரியாவிடமிருந்து போட்டோ வந்தது. மழை சொட்டும் காடு. இலை, சருகு, மரம். ஆளைக் காணோம்.

"புள்ள போட்டோ கேட்டா மரத்தைப் பிடிச்சு அனுப்பியிருக்கா பாருங்க" என்று அன்னக்கொடி பொருமினாள். நானும் வெகுநேரம் தேடினேன். மரத்தடியில், வலது ஓரத்தில், நம் சருகு நிறத்தில், குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு — அங்கேதான் இருக்கிறாள்.

துளசிராமுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, சாயம் நின்னுருச்சு."