துடைத்து அனுப்பிய நுனி

வேங்கிக்கால்,
9.11.2003

அன்புள்ள மணிமொழிக்கு,

இங்கே நலம் என்று எழுதுவது வழக்கம். இன்று அது உண்மையும்கூட. அப்பா நேற்று ஐ.சி.யூ.வை விட்டு வார்டுக்கு வந்துவிட்டார். ஃபோனில் இதையெல்லாம் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். பிறகு ஜுரம் வந்தது தெரியாது. குளிர் அவர் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்தின் பெரிய ரத்தக் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் செருகி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிக் குழாயில் கிருமி தங்கி ரத்தத்தில் இறங்குவது உண்டு. சர்ஜன் சக்கரபாணி அதை எடுத்துவிட்டு, அதே துளையில் கம்பி விட்டுப் புதுக் குழாய் போட்டார். பழையதின் நுனியை வெட்டி என் லேபுக்கு அனுப்பினார்கள். நுனியைக் கல்ச்சர் தட்டின் மேல் உருட்டி வைத்தால், கிருமி இருக்கும் பட்சத்தில் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒன்றுமே வளரவில்லை. நெகட்டிவ் என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

அப்படியானால் கோளாறு வயிற்றில்தான், திறந்து பார்த்துவிடலாம் என்றார் சர்ஜன். ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இன்னொரு ஆபரேஷனை அந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்று மயக்க மருந்து டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதன் சுத்தம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நாள் கழுத்தில் கிடந்த குழாயில், தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி ஒன்றிரண்டாவது ஒட்டியிருக்க வேண்டாமா? நர்ஸ் கீர்த்தனாவிடம் போய் எப்படி அனுப்பினாள் என்று கேட்டேன். "ரத்தமும் பிசுக்குமா இருந்துச்சு மேடம். உங்களுக்கு அப்படியே எப்படி அனுப்புறதுனு ஸ்பிரிட்ல நல்லா தொடைச்சுட்டுத்தான் டப்பால போட்டேன்" என்றாள். பெருமையாகச் சொன்னாள். மரியாதைக்காக என் கிருமிகளைக் கொன்று அனுப்பியிருக்கிறாள்!

சர்ஜனிடம் சொன்னேன். "நீங்களே நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டு, நீங்களே நம்பலைன்னா எப்படி மேடம்?" என்றார். அப்புறம், "சரி, ஒரு நாள் தரேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

ஒரே நேரத்தில் இரண்டு பாட்டிலில் சம அளவு ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஒன்று கழுத்துக் குழாய் வழியாக, இன்னொன்று கையில் ஊசி குத்தி. குழாயில் கிருமி கூட்டமாக இருந்தால் அந்தப் பாட்டில்தான் முதலில் கலங்கும். இரண்டையும் இன்குபேட்டரில் வைத்துவிட்டு அடிக்கடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் குழாய்ப் பாட்டில் மோர் மாதிரி கலங்கியிருந்தது. கைப் பாட்டில் மதியம் வரை தெளிவாக இருந்தது. கிருமி வளர்ந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

பழைய துளையிலேயே போட்டதால் புதுக் குழாயிலும் கிருமி ஒட்டியிருந்தது. அதையும் எடுத்துவிட்டு, கழுத்தின் மறுபக்கம் வேறு குழாய் போட்டார்கள். இந்த முறை நுனியை நானே நின்று துடைக்காமல் வாங்கிக்கொண்டேன். தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் பார்த்துச் சொன்னேன். ஜுரம் இறங்கியது. வயிற்றில் கத்தி வைக்கவில்லை.

உண்ணாமலை அத்தை இதற்கிடையில் மலை சுற்றிவிட்டு வந்தாள். "பாத்தியா அண்ணி, நான் சுத்தி முடிக்கவும் அண்ணனுக்கு ஜுரம் எறங்குச்சு" என்றாள். நான் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. அவள் அப்பா நெற்றியில் பூசிய விபூதியையும் அழிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

அப்பா கண் விழித்ததும் கேட்டது: "ஏம்மா, உன் கிருமிங்களுக்குக் குடியிருக்க என் கழுத்துதான் கெடைச்சுதா?" குரல் கம்மிதான். ஆனால் நக்கல் குறையவில்லை.

கீர்த்தனா இப்போது எல்லாவற்றையும் துடைக்காமல் அனுப்புகிறாள். சில நேரம் டப்பாவின் வெளிப்பக்கத்தைக்கூடத் துடைப்பதில்லை. அது வேறு பாடம்.

நீ ஒவ்வொரு தடவை ஃபோன் செய்தபோதும் "அப்பா நல்லா இருக்கார், நீ படி" என்றேன். நானும் ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் அனுப்பினேன், மணி. உன் பரீட்சை கெட வேண்டாம் என்று. நீ என் மகள். இவ்வளவு சுத்தமான பதிலை நம்பியிருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தையும் முழுக்க நம்பாதே. கடைசிப் பரீட்சை முடிந்ததும் புனேயிலிருந்து நேரே கிளம்பி வந்து உன் கண்ணால் பார். தீபக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அதற்கு முன்னால் வா.

அப்பாவுக்காகச் சொல்லவில்லை. அவர் தேறிவிட்டார்.

அம்மா