பரமண்ணை கொண்டுவந்த கப்பாசிற்றர்

இஞ்சாருங்கோ,

இன்று காலை பரமண்ணை வந்தார். நீங்கள் செய்துகொடுத்த, பன்றி விரட்டும் மின்வேலிப் பெட்டி ஒரு கையில், கடைப்பை ஒன்று மறு கையில். படலையடியில் நின்று சிரித்தார். பக்கத்துக் காணியில் இத்தனை காலம் இருந்தும் கலியாண வீட்டில்கூடச் சிரித்துக் காணாத மனிதர். ஏதோ இருக்கிறதென்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் கருகிய பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியது. உங்கள் சேட்டில் எப்போதும் இருந்த மணம். சோறு போட்டுக்கொண்டே "முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்கோ" என்று உங்களைத் துரத்திய மணம். இன்றைக்குப் பெட்டிக்குள் குனிந்து அதை இன்னொருதரம் இழுத்து முகர்ந்தேன். பரமண்ணை இருமிக் காட்டினார்.

"கப்பாசிற்றர் செத்துப்போச்சுது தங்கச்சி. புதுசு கொண்டந்திருக்கிறன். இதைப் போட்டுத் தாருமன்."

மின்னைச் சேர்த்து வைக்கும் அந்த உருளையைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். பழையதைவிட இரண்டு மடங்கு பருமன்.

"ஏன் இவ்வளவு பெரிசு?"

"கடையில இதுதான் கிடந்தது."

நம்பவில்லை. கடையில் கிடந்ததை வாங்கியவர் விலையைச் சொல்லி அழுவார். தேடி வாங்கியவர்தான் இப்படி வாயை மூடிக்கொள்வார்.

கடை என்றதும் வவுனியாதான் நினைவுக்கு வருகிறது. கிழமைக்கொரு தரம் கண்டாவளையிலிருந்து பஸ் ஏறி அங்கே போனீர்கள். "சாமான் வாங்க" என்றீர்கள். திரும்பி வரும்போது பையில் ஒன்றுமே இருக்காது. எந்தப் பெண்சாதி சும்மா இருப்பாள்? ஒருநாள் அடுத்த பஸ்ஸில் நானும் வந்தேன். பழைய ரி.வி. திருத்தும் கடையொன்றில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, மீற்றரை வைத்து ஒவ்வொரு கப்பாசிற்றராகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தீர்கள். கடைக்காரர் என்னைக் கண்டதும் கும்பிட்டார். "அக்கா, தயவு செய்து இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ர கடைச் சாமான் எல்லாத்தையும் கள்ளச் சாமான் எண்டுறார்." உங்களுக்குப் பின்னால் வந்ததற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை. எனக்குச் சரியான ஆள்தான் வாய்த்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

"கப்பாசிற்றரில அடிச்சிருக்கிற எழுத்தை நம்பாதேயும்" என்பீர்கள். "எழுத்தை ஆரும் அடிக்கலாம்." நகத்தால் எழுத்தைச் சுரண்டுவீர்கள். அழிந்தால் அது கள்ளச் சாமான், கழித்துவிடுவீர்கள். அழியாவிட்டாலும் விட மாட்டீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வோல்ற் ஏற்றி, வேலியோரத்தில் கவிழ்த்த பானைக்குள் வைத்துவிட்டுத் தூரப்போய் நிற்பீர்கள். ஒன்று வெடித்துப் பானை இரண்டாகப் பிளந்த பிறகுதான் அது என் சோற்றுப் பானை என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் உங்களோடு கதைக்கவில்லை. நீங்களோ கப்பாசிற்றர் விற்றவனோடுதான் கோபமாக இருந்தீர்கள்.

உங்கள் கணக்கு எனக்குப் பாடம். கப்பாசிற்றர் தாங்கும் வோல்ற் எவ்வளவும் கூடலாம்; அது பிடித்து வைத்திருக்கும் அளவு மட்டும் கூடக்கூடாது. பற்றரியிலிருந்து சேர்த்த மின்னை அது ஒரு கணத்தில் கம்பியில் எறியும். அளவாக எறிந்தால் பன்றி கத்திக்கொண்டு ஓடும். அளவு ஏற ஏற, கம்பியில் முட்டிய ஆள் எழும்புவாரா என்பது சந்தேகம். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொழுவுகிறவர்கள் இந்தப் பக்கம் இல்லாமலில்லை. விடிய மாடு தேடிப் போய் அப்படியொரு கம்பியில் முட்டியவரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்த வீட்டுக்கு நாம் இருவரும் போனோம். திரும்பி வந்து நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த நாளே பெட்டி செய்யத் தொடங்கினீர்கள்.

அப்படிப்பட்ட உங்களைக் காய்ச்சல்தான் கொண்டுபோனது. ஊர் விட்டதா? "கரண்டோட விளையாடினவர், கரண்டிலதான் போனவர்" என்று செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே கதைத்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் என்றாலும் எனக்குக் குரல் தெரியும். அதில் ஒரு குரல் பரமண்ணையுடையது.

அதே மனிதர் இன்று என் கதிரையில் இருந்து என் தேத்தண்ணியைக் குடித்தார்.

"பழைய அளவிலேயே அவர் வைச்சது அலுமாரிக்குள்ள கிடக்கு. அதைப் போடுறன்" என்றேன்.

"வேண்டாம் வேண்டாம், இதையே போடும். பண்டி இப்ப பழகிப்போச்சுது. ஒண்டு செத்து விழுந்தால்தான் மற்றதுகள் வராது."

வந்துவிட்டதல்லவா கதை! அவருடைய கம்பி போவது இரணைமடு வாய்க்கால் வரம்போரமாக. அந்த வரம்பால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். மாட்டேன் என்று சொன்னால் வீட்டுக் கரண்டைக் கொழுவுவார், அதுவும் எனக்குத் தெரியும்.

"சரி, போடுறன்" என்றேன். "ஆனா இந்த வீட்டு வழக்கம் தெரியுமே? பெட்டியைக் கொண்டுபோறவர் இஞ்சயே கம்பியைத் தொட்டுப் பார்த்துப்போட்டுத்தான் கொண்டுபோகவேணும். வெறுங்கையால."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெறும் கோப்பை. பெரிய கப்பாசிற்றரைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"பழைய அளவையே போடும்" என்றார் கடைசியில்.

போட்டேன். முற்றத்தில் கம்பி கட்டிப் பெட்டியை முடுக்கினேன். டிக் டிக் என்றது. பரமண்ணை கிட்ட வரவில்லை. "அவர் இருக்கேக்க அவர்தானே முதல் தொடுறவர். நீர் தனியச் செய்தது இது. எப்பிடி நம்புறது?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். உங்கள் காலத்தில் நான் ஒருநாளும் தொட்டதில்லை. நீங்கள்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் கையை வைப்பீர்கள். நான் குசினி வாசலில் நின்று "நோகுதோ?" என்பேன். "எறும்பு கடிச்ச மாதிரி" என்று சிரிப்பீர்கள்.

இன்று நான் கையை வைத்தேன்.

தோள்வரைக்கும் உலக்கையால் போட்டதுபோல இருந்தது. அம்மா என்று கத்திவிட்டேன். பரமண்ணை இரண்டடி பின்னால் போனார். பிறகு அவரும் தொட்டார், துள்ளினார், வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கொண்டுவந்த பெரியதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளைக்குப் புல்லுப் பிடுங்கும் சாட்டில் அவர் வரம்புக்கு மீற்றரோடு போய், வீட்டுக் கரண்டைக் கொழுவியிருக்கிறாரோ என்று பார்ப்பேன்.

எழுதும்போதும் முழங்கை விண் விண்ணென்று தெறிக்கிறது. எறும்பாம். கடைக்காரரைச் சந்தேகித்தேன், ஊரைச் சந்தேகித்தேன், வவுனியாவரைக்கும் உங்கள் பின்னாலேயே வந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் இத்தனை வருடமும் அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.