ஏழு ஒன்றுகள்

அண்ணே,

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் புது டிரைவர் உங்கள் சீட்டுக்குப் பக்கத்து இன்ஜின் மூடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நீங்கள் சாக்பீஸால் போட்ட கடைசி வகுத்தல் அங்கேதான் இருந்தது, இத்தனை நாளும் அதன்மேல் யாரையும் உட்காரவிடாமல் காத்துவந்தேன். 233-ஆல் வகுத்தது, மீதி 167. சூட்டில் ரெக்ஸினும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை எழுந்து அடங்கியது. அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேருக்கு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்கினேன்.

மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷலில்தான் இது ஆரம்பித்தது. படிவரை கூட்டம். நீங்கள் வண்டியை ஓரங்கட்டி என்னைக் கூப்பிட்டீர்கள். கிலோமீட்டர் கட்டங்களில் ஏழு ஒன்றுகள் வரிசையாக நின்றன.

"கடைசி ஒன்னு நூறு மீட்டருக்கு வர்றதுண்ணே. அது கணக்குல வராது."

"அத்த விட்டா மூணால வகுபட்டுடும்டா. ஏழையும் சேத்துப் பாரு, யாராலயும் ஒடைக்க முடியாது."

"சாமி பாக்கப் போறமா, மீட்டரு பாக்கப் போறமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உடையும் என்றேன். "ஒடஞ்சா நான் ராஜகிரி ஏறுறேன் போ" என்றீர்கள், முட்டிவலியை வைத்துக்கொண்டு. அந்தக் கோட்டை மலையைத் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி, நாம் இருவருமே ஏறியதில்லை.

வேறு எதாலும் வகுபடாத எண்களாகப் பார்த்து எடுத்து வகுத்தோம், டிரிப்புக்கு ஒன்று. ஆயிரத்துச் சொச்சம்வரை உடையாமல் தாண்டிவிட்டால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை, நீங்கள் ஜெயித்ததாகப் பேச்சு. மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு எல்லாவற்றிலும் சொல்லிவைத்ததுபோல ஒன்றே மிஞ்சியது. "கணக்குல வராதுன்னியே, அந்தக் கடைசி ஒன்னுதான் காவலுக்கு நிக்குது" என்று சிரித்தீர்கள். போனில் போட்டால் உடனே தெரிந்துவிடும் என்றேன். "தெரியும். நீ ஜெயிச்ச மாதிரி இருக்குமா?"

233 போட்ட மறுநாள் நெஞ்சு வலிக்கிறது என்று லீவு சொன்னீர்கள். அப்புறம் நீங்கள் வரவில்லை.

அடுத்தது 239. இத்தனை மாதமும் அதை நான் தொடவில்லை. கணக்கு முடியாதவரை நம் பேச்சும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மூடி வெறுமையாக இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. திருவண்ணாமலையில் வண்டி நின்றதும் சாக்பீஸை எடுத்துப் போட்டேன்.

ஈவு 4649. மீதி பூச்சியம்.

நம்பாமல் பெருக்கிப் பார்த்தேன். மறுபடியும் ஏழு ஒன்றுகள். ஒரே ஒரு டிரிப் அண்ணே, இன்னும் ஒரு டிரிப் வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

"இன்னா கணக்கு?" என்றார் புது டிரைவர்.

"பந்தயம்ணே. ஜெயிச்சிட்டேன்" என்றேன். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. ராஜகிரியை உங்களுக்காக நான் ஏறப்போகிறேன். சாக்பீஸ் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மூச்சு வாங்கி உட்காரும் இடங்களில் 4649-ஐ வகுத்துப் பார்ப்பேன். அது உடையாது என்பதுதான் இப்போது என் கட்சி.