படத்தில் தெரிந்த வெள்ளைப் பொரி

12 செப்டம்பர் 2023, ஸ்ரீவில்லிபுத்தூர்
பாப்பாவுக்குச் சளி குறையவில்லை. இவருக்குத் தொண்டைக்கட்டும் குறையவில்லை. பஸ் ஸ்டாண்டில் "வத்ராப்பு, கூமாப்பட்டி" என்று கூவிக் கூவி வந்தது என்றுதான் நினைத்திருந்தோம். மாதக்கணக்காகிவிட்டது. இன்று டிரைவர் ராம்கி அண்ணன், "ஏலே விஜயபாண்டி, ஆளு ஏத்தச் சொன்னா ரகசியம் பேசுத" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் சத்தமில்லை. கண்டக்டருக்குக் குரல் போனால் என்ன மிச்சம்?

21 செப்டம்பர்
ராஜபாளையத்தில் சி.டி. ஸ்கேன். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். குரல்வளைக்கு அடியில் மோதிரம் போல ஒரு குருத்தெலும்பு. அதன் பின்பக்கம் உப்பி, உள்ளே பொரி சிதறினது போல வெள்ளை வெள்ளையாக.
"எலும்பு இல்லம்மா. குருத்தெலும்புல வளர்ற கட்டி, உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. ரொம்ப அபூர்வம். இந்த வயசுல நான் பாத்ததே இல்ல. இன்னும் பாதி மோதிரம்கூடப் பிடிக்கல. இப்பவே வெட்டிட்டா குரல் மிஞ்சும்."
மதுரைக்குப் போகச் சொன்னார்.

22 செப்டம்பர்
அத்தை, தன் மகனுடைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "ஏட்டி, இது எலும்பு இல்லாம என்ன? கெடா வெட்டுல தின்னது சிக்கியிருக்கு. தொக்கம் எடுத்தாச் சரியாப் போகும்."
சிக்கியதை வாயால் உறிஞ்சி எடுக்கிற வைத்தியம். பாப்பா சாப்பிடாதபோது அவளுக்கும் எடுத்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவுகளும் வெள்ளையா இருக்குன்னுதான சொல்லுதாக?" என்றார்கள்.
இவர் படத்தை வாங்கி உறையில் போட்டார். கத்தியா, தொக்கமா — எதை விரும்புவார் என்று எனக்குத் தெரியாதா?

24 செப்டம்பர்
கூமாப்பட்டி. மாடத்தி என்கிற அம்மாள் இவர் கழுத்தில் வாய்வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பிக் காட்டினாள். நகக்கண் அளவு எலும்பு. இவர் எச்சிலை விழுங்கிப் பார்த்து, "லேசா இருக்குட்டி" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.
அந்த எலும்பில் ஈரமே இல்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

10 அக்டோபர்
மதுரைக்கு எப்போது என்று கேட்டேன். "அதான் எடுத்தாச்சுல்ல" என்றார்.

2 மார்ச் 2024
குரல் கொஞ்சம் தேறின மாதிரி. இல்லை, எனக்குப் பழகிவிட்டதா?

18 நவம்பர்
மூச்சு இழுக்கும்போது கீச்சென்கிறது. சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

25 நவம்பர், மதுரை
சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கே தெரிந்தது. மோதிரத்தில் முக்கால்வாசியைக் காணோம். அந்த இடமெல்லாம் பொரி.
வேறெங்கும் பரவவில்லையாம். உயிருக்குப் பயமில்லையாம். ஆனால் குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் துளை போட்டு அதன்வழியேதான் மூச்சு.
வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அத்தை, "அப்பம் அந்த எலும்பு எங்க இருந்துட்டி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்கள்.
அது காய்ந்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன். நான் மட்டும் என்ன செய்தேன்?

3 டிசம்பர்
நாளைக்கு ஆபரேஷன். போனில் பாப்பாவிடம் பேசினார். "சாப்பிட்டியா, தூங்கு." அவ்வளவுதான்.

16 பிப்ரவரி 2025, ஸ்ரீவில்லிபுத்தூர்
பாப்பா இவருடைய கண்டக்டர் பையைக் கவிழ்த்துவிட்டாள். விசிலை எடுத்து அவர் வாயில் வைத்தாள். மறந்துபோய் ஊதினார். கழுத்துத் துளைமேல் கட்டிய துணிதான் ஆடியது. பாப்பா பிடுங்கித் தானே ஊதிக் காட்டினாள். அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள்.
இவர், இன்னொரு தடவை ஊது என்று கையைக் காட்டினார். ஊதினாள்.