நாலு விரல் தூரம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? கேமரா கடையில் வேலை செய்யும் தங்கையை விட்டுவிட்டு அடுத்தவனிடம் யோசனை கேட்டால் நீ என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எங்கள் ரோஜாப் பண்ணையில் பூ வாங்கும் கம்பெனிகளுக்கு மிகக் கிட்டத்தில் எடுத்த படங்கள் அனுப்ப வேண்டுமாம். "சூப்பர்வைசர் சும்மாதானே சுத்துறே, நீயே எடு" என்று முதலாளி கேமராவைக் கையில் கொடுத்துவிட்டார். கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸில் அறுபது எம்.எம். வாங்கவா, நூறு வாங்கவா? ரோஜாவில் வந்து உட்காரும் வண்டு, தேனீயை எல்லாம் எடுக்க எனக்கும் ஆசை.

உன் அண்ணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இரண்டு தடவை கலைந்ததில் அவளுக்குப் பயம். இதையாவது ஒழுங்காகப் பெற்றுத் தரட்டும் என்று அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறாள். ஆனாலும் பிளாஸ்டிக் கூரை போட்ட எங்கள் ஷெட்டில் பூப் பறிக்க வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூறு வாங்கு. அறுபது விலை குறைவு, கனமும் இல்லை. ஆனால் பூச்சிக்கு நாலு விரல் தூரத்தில் போய் நிற்க வேண்டும். உன் மூஞ்சியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் எந்தத் தேனீ உட்கார்ந்திருக்கும்? போதாததற்கு லென்ஸின் நிழலும் பூவில் விழும். நூறில் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நின்றே எடுக்கலாம்.

அம்மாவைக் கொஞ்சம் அடக்கி வை. அண்ணியா வேண்டுமென்று செய்கிறார்?

நச்சரிக்கும் தங்கை

மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

திட்டாதே, அறுபதையே வாங்கிவிட்டேன். இங்கே பூச்சிகள் ஓடுவதில்லை. மருந்து அடித்த மறுநாள் காலையில் போனால் போதும், போஸ் கொடுக்கிற மாதிரி இதழிலேயே உட்கார்ந்திருக்கும். லென்ஸ் இடித்தாலும் நகராது. பறிக்க முதலில் உள்ளே போகிறவள் உன் அண்ணிதான். "இங்க ஒண்ணு அசையாம இருக்கு, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடுவாள். கூட வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் இதில் போட்டி.

படங்களை பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். தேனீ படத்தில் காம்பைப் பிடித்திருக்கும் விரல் அண்ணியுடையது. எப்படி இருக்கிறது என்று எழுது.

பாராட்டுக்குக் காத்திருக்கும்
அண்ணன்

மார்ச் 31

அண்ணா,

படங்களைக் கடையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தேனீயின் நாக்கு வெளியே நீண்டு தொங்குகிறது. கால்கள் மடங்கியிருக்கின்றன. அது போஸ் கொடுக்கவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது. இதழில் வெள்ளையாய் ஒரு படலம். அதே வெள்ளை அண்ணியின் நகக்கண்ணிலும் இருக்கிறது. கையுறைகூடக் கிடையாதா?

"என்னம்மா, ஊர்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

போன இரண்டு தடவையும் அண்ணி இந்த ஷெட்டில்தானே இருந்தார்? ராசியில்லாதவள் என்று அம்மா சொன்னபோது நாம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அண்ணியை இன்றே வெளியே கூட்டி வா. மற்ற ஆறு பேரையும்தான்.

தங்கை

ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருந்து அடித்தால் இரண்டு நாள் யாரும் உள்ளே போகக்கூடாது என்று டப்பாவில் போட்டிருப்பது எனக்குத் தெரியும். டப்பாவில் ஆயிரம் போடுவான். "பூ ரெண்டு நாள் காத்திருக்குமா?" என்பார் முதலாளி. வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக.

அண்ணியை நாளை உன்னிடம் பஸ் ஏற்றிவிடுகிறேன். ஓய்வுக்கு என்றுதான் அவளிடமும் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே. காரணம் தெரிந்தால் ஆறு பேரும் நின்றுவிடுவார்கள், என் வேலை போய்விடும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் நான் எங்கே போவேன்? படங்களைக் கிழித்துவிடு.

உன்னை நம்பும்
அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணா,

அண்ணி வந்து சேர்ந்துவிட்டார். ஓய்வு என்று நம்பி வந்தவர், வந்ததும் என் அறையைப் பெருக்க ஆரம்பித்தார். துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். "டப்பால போட்டிருந்தது அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. உன் கடிதத்தையே கொடுத்துவிட்டேன்.

"என்னை மட்டும் ஏத்தி விட்டிருக்காரு" என்றார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "கடைசி வரிசையில பறிக்கிறாளே சின்னவ, அவளுக்கு இது நாலாம் மாசம். அதுவும் அவருக்குத் தெரியும்" என்றார்.

இப்போது என் போனை வாங்கி ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குரல் உயரவே இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் ஷெட்டில் பறிக்க ஆள் இருக்காது.

தன்னைக் கூட்டிப்போக வர வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தங்கை